துறைதோறும் ஒரு பந்தி

ஒரு ஜூன் மாதத்தில், நேப்பிள்ஸ் வளைகுடாவிலிருந்து தெற்கே சிலெந்தோ கரை வரை பாய்மரப் படகில் போனோம். நானும் என் கணவரும், படகுக்குச் சொந்தக்காரரான நண்பரும், அவர் மனைவியும். அவர்கள் இருவரும் நேப்பிள்ஸ்காரர்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் குடாவில் ஒதுங்குவது, எங்கே நங்கூரம் போடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எங்கே என்ன சாப்பிடுவது என்பது அவர் மனைவியின் பொறுப்பு. இருவரும் தங்கள் வேலையை ஒரே அளவு அக்கறையோடு செய்தார்கள்.

இத்தாலியக் கரையைச் சாலை வழியாகவும் பார்த்திருக்கிறேன். சாலையில் போகும்போது ஊர் திடீரென்று வந்துவிடும். உணவகத்துக்குள் நுழைந்து உணவு அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வோம். கடலில் ஊர் மெதுவாக வரும். முதலில் மலை, பிறகு மலையில் அடுக்கடுக்காக வெட்டிய தோட்டங்கள், பிறகு மணிக்கூண்டு, கடைசியாகத் துறையில் கட்டிக் கிடக்கும் மீன்படகுகள். இரவு மேசைக்கு வரப்போவதையெல்லாம் பகலிலேயே கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கரையேறுவோம். அந்தக் கரையின் சாப்பாடு எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

முதல் இரவு பொத்சுவோலியில். இன்று அது மீன்பிடித் துறை, தீவுகளுக்குப் படகேறும் இடம். ரோமானியர் காலத்தில் புத்தேயோலி என்ற பெயரில் கீழ்த்திசைச் சரக்குகள் வந்திறங்கிய பெருந்துறை. நம் மேற்குக் கரை முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் கடந்து, பாலைவனம் கடந்து, அலெக்சாந்திரியாவில் மறுபடி கப்பலேறி இங்கே வந்தது. அன்றிரவு எங்கள் மேசைக்கு வந்த முதல் பாத்திரத்தில் இருந்தது கறுப்பு ஓட்டுச் சிப்பி. பாறையில் ஒட்டி வளரும் இதன் இனம் நம் குமரிக் கரையிலும் உண்டு. இங்கே வளைகுடாவிலேயே கயிறுகளில் வளர்க்கிறார்கள். சுத்தம் செய்த சிப்பியை மூடி போட்டு அடுப்பில் ஏற்றினால் ஓடு திறந்து தானே நீர் விடும். வேறு தண்ணீர் ஊற்றுவதில்லை, உப்பும் போடுவதில்லை. இடித்த மிளகைக் கைநிறையப் போட்டு, எலுமிச்சை பிழிந்து இறக்குகிறார்கள். சாற்றில் ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்ததும் முதலில் ஏறியது மிளகின் காரம். ஈராயிரம் ஆண்டுகளாக நம் மேற்குக் கரையின் மிளகுக்கு இந்தத் துறையில் இடம் இருந்து வருகிறது என்ற எண்ணத்தோடு அதைச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை புரோச்சிடா. சிறிய தீவு. 2022இல் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. அதன் கொரிச்செல்லா என்ற மீனவர் துறைக்கு வண்டிச்சாலை கிடையாது. மேலிருந்து படிக்கட்டில் இறங்க வேண்டும், இல்லையென்றால் கடல் வழியாக வர வேண்டும். மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் பூசிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. அவற்றின் கீழே உலர்த்திய வலைகளுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். அங்கே சாப்பிட்டது எலுமிச்சை சாலட். அந்தத் தீவின் எலுமிச்சைக்கு மஞ்சள் தோலின் கீழே விரற்கடை கனத்துக்கு வெள்ளைச் சதை இருக்கும், கசக்காது. மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, வெள்ளைச் சதையோடு துண்டு போட்டு, புதினா, பூண்டு, கொஞ்சம் மிளகாய், ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசறித் தருகிறார்கள். அரை மணி ஊறினால் போதும். வெயிலில் களைத்து வந்த உடம்புக்கு அதைவிட இதமான எதையும் அந்தப் பயணத்தில் நான் சாப்பிடவில்லை.

பகல் சாப்பாடு பெரும்பாலும் படகில்தான். படகு சாயும் பக்கமெல்லாம் தானும் ஆடிச் சமநிலையில் நிற்கும் சின்ன அடுப்பு ஒன்று உள்ளே இருந்தது. ஆனால் பாய் விரித்து ஓடும்போது யாரும் அதைப் பற்றவைக்க விரும்பவில்லை. அதற்கென்றே அந்தக் கரையில் ஒரு ரொட்டி இருக்கிறது: ஃப்ரெசெல்லா. ஒருமுறை சுட்டு, குறுக்கே அறுத்து, ஈரம் போக மறுபடி சுட்டெடுப்பது. வாரக்கணக்கில் கெடாது. கல் மாதிரி இருக்கும் அதைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, நறுக்கிய தக்காளி, திருநீற்றுப்பச்சிலை இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் போட்டுச் சாப்பிட வேண்டும். முற்காலத்து மீனவர்கள் கடல் நீரிலேயே முக்கிச் சாப்பிட்டார்கள் என்றார் நண்பர். அடுப்பில்லாமல், அவசரமில்லாமல், கையில் வைத்துக்கொண்டே பாயையும் கவனித்தபடி சாப்பிடலாம். கடலோடிகளுக்காகவே கண்டுபிடித்த கட்டுச்சோறு அது.

இஸ்கியா தீவில் நான் எதிர்பார்த்தது மீன். அங்குள்ளவர்கள் பெருமையோடு கொண்டுவந்து வைத்தது முயல். சுற்றிலும் கடல் இருக்கும் தீவில் முயல் எப்படித் தலைமைப் பதார்த்தமானது என்பதற்குப் பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது. 1544இல் பார்பரோசா என்ற ஒட்டோமான் கடற்படைத் தலைவர் இஸ்கியாவையும் புரோச்சிடாவையும் சூறையாடி, கையில் கிடைத்த மக்களை அடிமைகளாகக் கொண்டுபோனார். நூற்றாண்டுக் கணக்கில் இப்படிக் கடலிலிருந்து வந்த பயம் ஜனங்களை மலைமேல் ஏற்றியது. எப்போமியோ மலைச்சரிவில் பச்சைநிறக் கல்லால் சுவர் கட்டித் திராட்சை பயிரிட்டார்கள். தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி, அதில் முயல் வளர்த்தார்கள். குழியின் பக்கவாட்டில் முயலே வளை தோண்டிக்கொள்ளும். மண்பாத்திரத்தில் பூண்டு, வெள்ளை ஒயின், சின்னத் தக்காளி, மலை மூலிகைகள் போட்டு மெதுவாக வேகவைக்கிறார்கள். முதலில் அந்தச் சாற்றில் புரட்டிய புக்கத்தீனி பாஸ்தா வரும், அடுத்து முயல் வரும். ஒரே சட்டியில் இரண்டு பந்தி.

கூடவே ஊற்றிய வெள்ளை ஒயின் பியாங்கொலெல்லா என்ற உள்ளூர்த் திராட்சையில் செய்தது. இத்தாலியில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு முதன்முதலில் பெற்ற ஒயின்களில் இஸ்கியாவினுடையதும் ஒன்று, 1966இல் கிடைத்தது. ஆனால் அங்கே மதுவின் வயது அதைவிட மிகப் பெரியது. கிமு 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் இந்தத் தீவில் குடியேறினார்கள். அவர்களுடைய கல்லறை ஒன்றில் 1954இல் கிடைத்த மண்குவளையில், குடிப்பதைப் பற்றிய மூன்று வரிப் பாட்டைக் கீறி வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் அதுவும் ஒன்று. லாக்கோ அமேனோ ஊரின் அருங்காட்சியகத்தில் அந்தக் குவளையைப் பார்த்துவிட்டுத்தான் இரவு சாப்பிடப் போனோம்.

என் கணவர் சைவம். இந்தப் பயணத்தில் அவர் பட்டினி கிடப்பாரோ என்று புறப்படுமுன் எனக்குக் கவலை இருந்தது. நண்பரின் மனைவி முதல் நாளே அந்தக் கவலையைப் போக்கிவிட்டார். கத்தரிக்காயை வறுத்துத் தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுட்டது, உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சேர்த்துக் குழைய வேகவைத்தது, மொச்சையோடு பாஸ்தா, கொண்டைக்கடலையோடு பாஸ்தா, எண்ணெயில் வதக்கிய கசப்புக் கீரை என்று ஊருக்கு ஒன்று கிடைத்தது. இவையெல்லாம் இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளில் பிறந்த சமையல். ஒன்றை மட்டும் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கத்திய பழமையான பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்று, ஆடு இவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

காப்ரித் தீவைச் சுற்றிக்கொண்டு கடந்துவிட்டோம். கடலில் நிமிர்ந்து நிற்கும் ஃபராலியோனி பாறைகளுக்கருகே ஒரு நீச்சல், பாதாமும் சாக்லேட்டும் சேர்த்து மாவே இல்லாமல் செய்த அந்தத் தீவின் கேக் ஒரு துண்டு, அவ்வளவுதான். எங்கள் கண் அதற்கு அடுத்த குடாவின் மேல் இருந்தது.

அந்தக் குடா நெரானோ. மரீனா தெல் காந்தோனே என்ற அதன் கடற்கரையில் உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. படகை மிதவையில் கட்டிவிட்டுத் தொலைபேசியில் சொன்னால், உணவகமே ஒரு சின்னப் படகை அனுப்பி அழைத்துப்போகிறது. சாப்பாடு முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அங்கே எல்லாரும் சாப்பிடுவது ஒன்றுதான்: சுக்கினிக் காய் போட்ட ஸ்பகெட்டி. 1952இல் அங்குள்ள மரியா கிராத்சியா உணவகத்தில் பிறந்த பதார்த்தம் என்று சொல்கிறார்கள். சுக்கினியை வட்டமாக மெல்ல நறுக்கி, எண்ணெயில் பொரித்து, பேசில் இலையோடு ஆறவிடுகிறார்கள். முக்கால் பதம் வெந்த ஸ்பகெட்டியை அதோடு சேர்த்து, பாஸ்தா வெந்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பாலாடைக்கட்டி விழுகிறது. க்ரீம் ஒரு சொட்டும் இல்லாமல், கஞ்சியும் கட்டியும் கலந்தே பாஸ்தாவின் மேல் வழவழப்பாகப் பூசிக்கொள்கிறது.

அந்தக் கட்டி, பின்னால் நிற்கும் லத்தாரி மலையில் மேயும் பசுக்களின் பாலில் செய்த புரோவொலோனே தெல் மோனகோ. அதே மலையின் மறுபக்கச் சரிவில்தான் கிரன்யானோ ஊர் இருக்கிறது. மலைக்காற்றும் கடற்காற்றும் சந்திக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தெருவிலேயே கொடிகட்டிப் பாஸ்தாவை உலர்த்திய காலம் உண்டு. காய், கட்டி, பாஸ்தா மூன்றும் கண்ணுக்கெட்டிய தூரத்திலிருந்து வந்தவை. சைவமான என் கணவரும் மீன் பிரியையான நானும் ஒரே தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அங்கேதான்.

நெரானோவைத் தாண்டியதும் அமால்ஃபிக் கரை. கடலிலிருந்து பார்க்கும்போது மலை முழுவதும் படிக்கட்டு வெட்டியது போல் தெரியும். ஒவ்வொரு படியிலும் எலுமிச்சை. செஸ்நட் மரக்கழிகளால் பந்தல் போட்டு, குளிர்காலத்தில் மேலே வலை போர்த்தி, நீண்டு முனை கூர்த்த ஸ்ஃபுசாத்தோ என்ற எலுமிச்சையை வளர்க்கிறார்கள். வண்டி போகாத சரிவுகள் அவை. ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட எலுமிச்சைக் கூடைகளைப் பெண்கள் முதுகில் சுமந்து, நூற்றுக்கணக்கான படிகள் இறங்கித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். கூலி சொற்பம். இன்று கோப்பையில் எலுமிச்சை ஐஸ் சாப்பிடும் நாம், தோட்டப் படிகளைத் தாங்கும் கற்சுவர்களையும் அந்த முதுகுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு இளையவர்கள் வருவது குறைந்து, படிகள் பல கைவிடப்பட்டுக் கிடப்பதைப் படகிலிருந்தே பார்த்தோம். சுவர் சரிந்தால் மலையும் சரியும். அங்கே எலுமிச்சை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு கல்லையாவது நிலைநிறுத்துகிறார்கள்.

இந்தப் பயணத்தின் சிகரம் என்று நான் சொல்வது செட்டாரா. பெரிய விடுதிகளும் கூட்டமும் இல்லாத மீனவர் ஊர். துறையருகே ஒரு பழைய காவல் கோபுரம். நிலவில்லாத இரவுகளில் விளக்குப் படகுகள் கடலுக்குப் போய், வெளிச்சத்துக்கு மேலே வரும் நெத்திலியை வலை வீசி வளைக்கின்றன. மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை பிடித்த நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கி, சின்ன மரப்பீப்பாயில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு கல்லுப்பு என்று வட்டமாக அடுக்குகிறார்கள். மேலே பலகை, பலகையின் மேல் பாறாங்கல். மீன் விடும் நீரைத் திரும்பத் திரும்ப அந்த மீனுக்குள்ளேயே விட்டு, மாதக்கணக்கில் முதிரவைத்து, முடிவில் பீப்பாயின் அடியில் துளையிட்டால் சொட்டுச் சொட்டாகத் தேன்நிறச் சாறு இறங்கும். அதற்குப் பெயர் கொலாத்தூரா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது.

ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் அதைச் சாப்பிட்டோம். ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்பே போடவில்லை. ஒரு கிண்ணத்தில் பச்சைப் பூண்டு, பார்ஸ்லி இலை, மிளகாய், ஆலிவ் எண்ணெய், ஆளுக்கு ஒரு கரண்டி கொலாத்தூரா. வெந்த ஸ்பகெட்டியை வடித்து அதில் போட்டுப் புரட்டியதோடு சமையல் முடிந்தது. மீன் ஒரு துண்டும் கண்ணில் படவில்லை; ஆனால் கடல் முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்த எனக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

அதற்குக் காரணம் நாவின் பழக்கம் மட்டுமில்லை. இந்தச் சாற்றின் மூதாதை, ரோமானியர்கள் கரூம் என்று அழைத்த மீன்சாறு. வெசூவியஸ் எரிமலை கிபி 79இல் மூடிய பொம்பெயி நகரத்தில், ஆவுலுஸ் உம்பிரிசியுஸ் ஸ்காவுருஸ் என்ற கரூம் வணிகர் தன் சரக்கு ஜாடிகளின் உருவத்தையே வீட்டுத் தரையில் சித்திரக்கல்லாகப் பதித்து வைத்திருந்தார். அந்தச் சரக்கு நம் கரைக்கும் வந்தது. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் கிடைத்த ஆம்போரா ஜாடிச் சில்லுகளை ஆராய்ந்தவர்கள், ஒயின், ஆலிவ் எண்ணெய் ஜாடிகளோடு கரூம் ஜாடிகளும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். மேற்குக் கரையில் பட்டணம் என்ற ஊரில் கிடைத்த ஜாடிகள் பலவற்றின் களிமண்ணில் நேப்பிள்ஸ் வளைகுடாவின் எரிமலைக் கருமணல் கலந்திருக்கிறது. இங்கிருந்து ஒயினும் மீன்சாறும் போயின. அங்கிருந்து மிளகு வந்தது. நான் உட்கார்ந்திருந்த கரைக்கும் நான் பிறந்த கரைக்கும் இடையே அன்றைக்கே சாப்பாட்டுப் போக்குவரத்து இருந்திருக்கிறது.

செட்டாராவின் சாறு 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது. ஏழை மீனவர் வீட்டு உப்புநீர் இன்று உலகம் தேடி வாங்கும் பொருள். அந்த மரியாதையை வெளியார் முதலில் கொடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தாங்களே கொடுத்தார்கள். நம் கரையில் நெத்திலிக் கருவாட்டை மறைத்து வாங்கி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அது மாற வேண்டும்.

சலேர்னோ வளைகுடாவை நல்ல காற்றில் ஒரே ஓட்டமாகக் கடந்து அக்ரோப்போலியில் கட்டினோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பேஸ்டும். கிரேக்கர் கட்டிய கோயில்கள் இன்னும் தூண்களோடு நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சமவெளியில் எருமைப் பண்ணைகள். காலையில் கறந்த எருமைப்பாலில் அன்றே செய்த மொத்சரெல்லாவை அன்றே சாப்பிட வேண்டும். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள் என்று விற்ற பெண்மணி இரண்டு தடவை சொன்னார். வெட்டியதும் பால் கசிந்தது. பக்கத்தில் தக்காளி, மேலே எண்ணெய்; வேறெதுவும் தேவைப்படவில்லை.

கடைசித் துறை பியோப்பிக்கருகே. மினசோட்டாப் பல்கலைக்கழக உடலியலாளர் ஆன்செல் கீஸ் பல ஆண்டுகள் குடியிருந்த ஊர் இது. கொழுப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஏழு நாடுகளில் ஆராயும் பெரும் ஆய்வை 1958இல் தொடங்கியவர் அவர். மத்தியதரைக்கடல் உணவுமுறை என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. 1904இல் பிறந்து 2004இல் மறைந்தார். அவர் முடிவுகளைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் இன்றும் உண்டு. ஆனால் அவர் பார்த்த சாப்பாடு அங்கே அப்படியே இருக்கிறது: பயறு, காய், கீரை, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், சின்ன மீன், பழம், எப்போதாவது இறைச்சி. 2010இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, இத்தாலியின் சார்பில் சொல்லப்பட்ட இடம் இந்தச் சிலெந்தோதான். அங்கே பக்கத்து மேசையில் மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தது. நாங்கள் எழுந்து போகும்போது நான்கு மணி. பாட்டி அப்போதும் பேரனுக்கு அத்திப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்ததுதான் அந்த உணவுமுறை என்பது என் நம்பிக்கை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்ல காலம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய வாரங்களில் நாடே கடற்கரைக்கு வந்துவிடும். துறையில் இடமும் கிடைக்காது, மேசையும் கிடைக்காது. இரவு எட்டு மணிக்கு முன் பெரும்பாலும் அடுப்பு பற்றாது. ரசீதில் ஆளுக்கு ஒரு சிறு தொகை மேசைக் கட்டணமாக இருக்கும். அது அங்கத்திய வழக்கம். முழு மீனுக்கு 100 கிராம் கணக்கில் விலை போடுவார்கள். மீனைக் காட்டச் சொல்லி, எடை போடச் சொல்லி, பிறகு சம்மதியுங்கள். முக்கியமாக, உணவு அட்டையைக் கையில் எடுக்குமுன் இன்று கரைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்லும் கடையில் உட்காருங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.